பத்தாயம் நிரம்பிவிட்டதா? சிறு கிளினிக்கின் டேட்டாபேஸ் அளவைக் கட்டுக்குள் வைக்க ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. காய்ச்சல் சீசன் வேறு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு கிளினிக்கிலிருந்து போன் வந்தது. "அண்ணே, பழைய பேஷன்ட் பேரெல்லாம் வருது. புதுசா யாரையும் சேவ் பண்ண முடியலை. வெளியில நாப்பது பேர் உக்காந்திருக்காங்க" என்றது கவுன்டரில் இருக்கும் பெண். திரையில் என்ன வந்திருக்கிறது, படித்துச் சொல்லும்மா என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தது. ப்ரைமரி ஃபைல்குரூப், அதாவது டேட்டாவை வைக்கும் ஃபைல், நிரம்பிவிட்டது என்பதுதான் சாரம். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், 300 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது.

அன்றைக்கு டோக்கன் நோட்டை எடுத்துக் கையால் எழுதச் சொல்லிவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மதியத்துக்குள் தற்காலிகமாகச் சரி செய்தாயிற்று. ஆனால் அந்த டேட்டாபேஸை ஒழுங்குபடுத்தி முடிக்க அடுத்த பொங்கல் விடுமுறை வரை ஆனது. அப்போது செய்ததையும், அதற்கு முன் வேறு இடங்களில் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். ஒன்றிரண்டு டாக்டர்கள், ஒரு கவுன்டர், பக்கத்தில் ஒரு மருந்துக் கடை, மிஞ்சினால் ஒரு சின்ன லேப் என்று இருக்கும் இடங்களுக்கு இது போதும்.

உங்களிடம் இருப்பது எந்த டேட்டாபேஸ்?

இது தெரியாமல் வேறெதையும் தொட வேண்டாம். மென்பொருள் போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அவர் போனை எடுக்கவில்லை என்றால் டேட்டா இருக்கும் ஃபோல்டரைத் திறந்து ஃபைலின் வால் எழுத்துகளைப் பாருங்கள். எம்டிஎஃப் என்று முடிந்தால் எஸ்க்யூஎல் சர்வர். எம்டிபி அல்லது ஏசிசிடிபி என்றால் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். ஐபிடி என்று நிறைய ஃபைல்கள் இருந்தால் மைஎஸ்க்யூஎல் அல்லது அதன் பங்காளியான மரியாடிபி.

எஸ்க்யூஎல் சர்வர் என்றால் சிறு கிளினிக்கில் இருப்பது அநேகமாக எக்ஸ்பிரஸ் பதிப்பாகத்தான் இருக்கும். அது இலவசம். அதனால் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2008 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 4 ஜிபி. 2008 ஆர்2 முதல் 2022 வரை 10 ஜிபி. 2025 பதிப்பில் அதை 50 ஜிபி ஆக்கியிருக்கிறார்கள். டிஸ்கில் எத்தனை நூறு ஜிபி காலியாக இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்டி அது வளராது. அந்த மழை நாளில் நடந்தது அதுதான். இரண்டு விஷயத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வரம்பு டேட்டா ஃபைலுக்கு மட்டும், மாற்றங்களை எழுதி வைக்கும் லாக் ஃபைலுக்கு இல்லை. அப்புறம், அது ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி. இரண்டாவதாகச் சொன்னது பின்னால் பெரிய உதவியாக வரும்.

ஆக்சஸ் என்றால் வரம்பு 2 ஜிபி. மைஎஸ்க்யூஎல்லில் இப்படிக் கோடு எதுவும் கிழிக்கவில்லை. டிஸ்க் நிரம்பும்போதுதான் நிற்கும்.

பத்தாயமும் நெல்லும்

இது புரியாததால்தான் பலர் வேண்டாத வேலையைச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள். பழைய வீடுகளில் பத்தாயம் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து இருபது மூட்டை நெல்லை அள்ளிவிட்டால் பத்தாயம் சிறியதாகிவிடுமா? மரப்பெட்டி அதே அளவில்தான் நிற்கும். உள்ளே காலி இடம் கூடியிருக்கும், அவ்வளவுதான். அடுத்த அறுப்பில் வரும் நெல் அந்தக் காலி இடத்துக்குள் போகும்.

டேட்டாபேஸ் ஃபைலும் இப்படித்தான். ஒரு லட்சம் வரிகளை அழித்துவிட்டு எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் ஃபைல் முன்பிருந்த அதே 10 ஜிபியாகவே இருக்கும். "அழிச்சும் குறையலையே தம்பி" என்று டாக்டரம்மா கவலைப்படுவார். குறைய வேண்டியதில்லை. உள்ளே 3 ஜிபி காலியானால் கிளினிக் வேலை உடனே நடக்கத் தொடங்கிவிடும். ஃபைலின் வெளி அளவு ஒரு எண், உள்ளே நிஜமாக நிரம்பியிருப்பது இன்னொரு எண். நீங்கள் கண்காணிக்க வேண்டியது இரண்டாவதை.

கை வைப்பதற்கு முன்

முழு பேக்கப் எடுங்கள். எடுத்ததை வேறு டிஸ்கில் வையுங்கள். எடுத்ததை இன்னொரு லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, நேற்று வந்த ஐந்து பேஷன்டுகளின் பெயரைத் தேடிப் பாருங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பேக்கப்புக்கு முன் டிபிசிசி செக்டிபி என்ற கட்டளையை ஓடவிட்டு டேட்டாபேஸ் பழுதில்லாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழுதான டேட்டாபேஸை பேக்கப் எடுத்தால் பழுதும் சேர்ந்துதான் வரும்.

நாளும் முக்கியம். காய்ச்சல் கூட்டம் இருக்கும் ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். பொங்கல் விடுமுறை நல்லது. ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று சும்மா ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிப் பார்ப்பதும் நல்லது. பெயருக்கு யுபிஎஸ் இருந்து, நாலு நிமிஷத்தில் கீச்சென்று அணைந்த கதை எனக்குத் தெரியும்.

மென்பொருள் நிறுவனத்தோடு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எந்த டேபிளில் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் பட்டியல்) என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நாமாக ஒரு டேபிளைக் காலி செய்து, மறுநாள் பில் போட முடியாமல் போனால் "நீங்கதானே தொட்டீங்க" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

அளந்து பாருங்கள்

எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் டேட்டாபேஸ் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, ரிப்போர்ட்ஸ், அதற்குள் ஸ்டாண்டர்ட் ரிப்போர்ட்ஸ் போனால் 'டிஸ்க் யூசேஜ்' என்று ஒரு அறிக்கை இருக்கும். டேட்டா ஃபைல் எவ்வளவு, லாக் ஃபைல் எவ்வளவு, உள்ளே காலி எவ்வளவு என்று வட்ட வரைபடமாகக் காட்டும். அதற்கு அடுத்து 'டிஸ்க் யூசேஜ் பை டாப் டேபிள்ஸ்'. எந்த டேபிள் அதிகம் தின்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் கொடுக்கும். இந்த ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பார்ப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 60 பேர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 18,000 வருகைகள். ஒரு வருகைக்கு டாக்டர் எழுதும் குறிப்பு, மருந்துப் பட்டியல், பில், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 5 கேபி என்று வையுங்கள். வருஷத்துக்கு 90 எம்பி. இந்த வேகத்தில் 10 ஜிபி நிரம்ப நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் அந்தக் கிளினிக்கில் ஆறே வருஷத்தில் நிரம்பியிருந்தது. அப்படியென்றால் நிரப்பியது எழுத்து இல்லை.

இடையில் ஒன்று. தமிழில் டைப் செய்வதால்தான் இடம் போகிறது, ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று ஒருவர் அந்த டாக்டரம்மாவுக்கு யோசனை சொல்லியிருந்தார். தமிழ் எழுத்துக்குக் கூடுதல் இடம் ஆகிறது என்பது பொய்யில்லை. 'கு' என்ற எழுத்து கணினிக்குள் இரண்டு குறியீடு. யுடிஎஃப் 8 முறையில் அது 6 பைட், யுடிஎஃப் 16 முறையில் 4 பைட். இருக்கட்டுமே. 'காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்' என்று சீட்டில் தமிழில் வந்தால்தான் பாபநாசத்திலிருந்து பஸ் ஏறி வரும் பாட்டிக்குப் புரியும். சில எம்பி மிச்சம் பிடிக்க அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரும்பாலும் குற்றவாளி: படங்கள்

அறிக்கையைத் திறந்தால் முதலிடத்தில் 'அட்டாச்மென்ட்' அல்லது 'டாகுமென்ட்' என்ற பெயரில் ஒரு டேபிள் நிற்கும். அங்கேயும் அதுதான். வெளியிலிருந்து வரும் லேப் ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து பேஷன்ட் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். போன் படம் ஒன்று 3 எம்பி என்றால், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று ஏற்றினாலே வருஷத்துக்கு 27,000 எம்பி. அதாவது ஐந்து மாதத்துக்குள் 10 ஜிபி நிரம்பிவிடும். அங்கே எல்லோருக்கும் ஏற்றவில்லை, சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும்தான். அதனால்தான் ஆறு வருஷம் தாங்கியது.

இதைவிடப் பெரிய சங்கதி சிடி ஸ்கேன். தஞ்சாவூரில் எடுத்த சிடி ஸ்கேனை டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சிடி ஸ்கேனின் ஒரு வெட்டுப்படம் 512க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்பி. ஒரு பரிசோதனைக்கு 300 வெட்டு என்றால் 150 எம்பி. அதை அப்படியே டேட்டாபேஸுக்குள் தள்ளினால் 68 பேஷன்டோடு 10 ஜிபி முடிந்தது.

சரி, என்ன செய்வது? படம் ஃபோல்டரில் இருக்க வேண்டும். டேட்டாபேஸில் அது எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும் இருக்க வேண்டும். நல்ல மென்பொருள்களில் இதற்கு ஒரு செட்டிங் இருக்கும், கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மென்பொருள்காரரிடம் மாற்றித் தரச் சொல்ல வேண்டியதுதான். எஸ்க்யூஎல் சர்வரில் ஃபைல்ஸ்ட்ரீம் என்று ஒரு வசதியும் உண்டு. அதில் வைக்கும் படங்கள் டேட்டாபேஸின் பகுதியாகவே இருக்கும், பேக்கப்பிலும் சேர்ந்து வரும், ஆனால் 10 ஜிபி கணக்கில் வராது. கேட்க நன்றாக இருக்கிறது. என் அனுபவத்தில் சிறு கிளினிக்குக்குச் சாதாரண ஃபோல்டர்தான் நிம்மதி. கண்ணால் பார்க்கலாம், நகல் எடுக்கலாம், நாளை மென்பொருளை மாற்றினாலும் படங்கள் உங்கள் கையில் இருக்கும்.

ஃபோல்டரை வருஷம், அதற்குள் மாதம் என்று பிரியுங்கள். ஃபைலுக்குப் பேஷன்ட் எண்ணும் தேதியும் சேர்த்துப் பெயர் வையுங்கள், ஆளின் பெயர் வேண்டாம். டேட்டாபேஸ் இருக்கும் கணினியிலேயே ஃபோல்டர் இருக்கட்டும், கவுன்டர் கணினியில் வேண்டாம். பேக்கப் பட்டியலில் இந்த ஃபோல்டரைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். படத்தை வெளியே எடுத்த பிறகு டேட்டாபேஸ் பேக்கப்பில் அது வராது.

பழைய படங்களை வெளியே எடுப்பதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. நாங்கள் ஒரு தடவைக்கு 500 படம் என்று எடுத்தோம். எடுத்ததும் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பது, அதில் இருபதைத் திறந்து பார்ப்பது, பேஷன்ட் பக்கத்திலிருந்து கிளிக் செய்தால் அதே படம் வருகிறதா என்று பார்ப்பது. இது எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் டேட்டாபேஸில் இருக்கும் பழைய பிரதியை நீக்கினோம். நீக்கியதும் காலி இடம் உடனே காட்டாமல் கொஞ்ச நேரம் கழித்துக் காட்டலாம். பின்னணியில் அது தானாகத் துப்புரவு செய்துகொண்டிருக்கும், பதற வேண்டாம்.

இனிமேல் வரும் படங்களையும் சிறியதாக்கலாம். ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணமாக ஸ்கேன் செய்தால் சுருக்குவதற்கு முன் 26 எம்பி. அதே தாள் 150 டிபிஐயில் கிரேஸ்கேலாக 2.2 எம்பிதான். பன்னிரண்டில் ஒரு பங்கு. ஜேபெக் ஆக்கினால் இரண்டும் இன்னும் சுருங்கும். ரத்தப் பரிசோதனைத் தாளின் எண்களைப் படிக்க 150 டிபிஐ தாராளம். ஸ்கேனரில் இந்த அமைப்பைச் சேமித்து வைத்துவிட்டால் கவுன்டரில் யார் உட்கார்ந்தாலும் அதே அளவில் வரும். சில பழைய ஸ்கேனர்கள் சுருக்காத பிஎம்பி வடிவில் சேமிக்கும். அதை முதலில் மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சுருக்கும் வேலை காகிதத்துக்கு மட்டும். எக்ஸ்ரே, சிடி, தோல் நோய்ப் படங்கள் போன்று டாக்டர் பார்த்து முடிவெடுக்கும் படங்களை மூல வடிவத்திலேயே வையுங்கள். சொந்தமாக டிஜிட்டல் எக்ஸ்ரே இருந்தால் அதற்கு டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) சர்வர் தனியாக வேண்டும். ஆர்த்தாங்க் என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண கணினியிலேயே ஓடும்.

லாக் ஃபைல்: நான் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம்

எம்டிஎஃப்புக்குப் பக்கத்திலேயே எல்டிஎஃப் என்று முடியும் ஃபைல் ஒன்று இருக்கும். நடந்த மாற்றங்களை வரிசையாக எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. டேட்டாபேஸ் 'ஃபுல் ரெகவரி' நிலையில் இருந்து, யாரும் லாக் பேக்கப் எடுக்காமலே விட்டால் இந்த ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். டேட்டா 4 ஜிபி, லாக் 180 ஜிபி என்று நானே பார்த்திருக்கிறேன்.

ஆரம்ப காலத்தில், டிஸ்க் நிரம்பித் தவித்த ஓர் இடத்தில், சர்வீஸை நிறுத்திவிட்டு அந்த எல்டிஎஃப் ஃபைலை டிலீட் செய்துவிட்டேன். 'லாக்' என்றால் சும்மா பழைய குறிப்புதானே என்ற எண்ணம். மறுபடி ஸ்டார்ட் செய்தால் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. முந்தைய நாள் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அன்று வந்த 70 பேரின் சீட்டையும் நானும் கம்பவுண்டர் அண்ணனும் உட்கார்ந்து இரவு பதினொன்று வரை திரும்பப் பதிந்தோம். காபி வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் ஒன்றுமே திட்டவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது. எல்டிஎஃப் ஃபைலை ஒருபோதும் கையால் அழிக்காதீர்கள்.

சரியான வழி இது. டேட்டாபேஸ் ப்ராபர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் பக்கம் போய் ரெகவரி மாடல் என்ன என்று பாருங்கள். எக்ஸ்பிரஸில் புதிதாக உருவாக்கினால் பொதுவாக 'சிம்பிள்' என்றுதான் இருக்கும். ஆனால் மென்பொருள்காரர் தம் அலுவலகத்துப் பெரிய சர்வரில் தயாரித்த டேட்டாபேஸைக் கொண்டுவந்து ரீஸ்டோர் செய்திருந்தால் 'ஃபுல்' என்பதும் கூடவே வந்திருக்கும். இப்போது இரண்டு தேர்வு: மணிக்கொரு முறை லாக் பேக்கப் எடுப்பது, அல்லது 'சிம்பிள்' ஆக்குவது. சிம்பிள் ஆக்கினால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு பதிந்தவை, விபத்து நேர்ந்தால் போய்விடும். அரை நாள் பதிவைச் சீட்டுகளைப் பார்த்துத் திரும்ப ஏற்ற முடியும் என்கிற சிறு கிளினிக்குக்கு 'சிம்பிள்' போதும் என்பது என் கருத்து. படுக்கை வசதியும் மருந்துக் கடை ஸ்டாக்கும் சேர்ந்து ஓடும் இடமென்றால் லாக் பேக்கப் எடுங்கள்.

மாற்றிய பிறகு டாஸ்க்ஸ், ஷ்ரிங்க், ஃபைல்ஸ் என்று போய் வகையில் 'லாக்' தேர்ந்தெடுத்து ஒரே ஒரு முறை 512 எம்பிக்குச் சுருக்குங்கள். பிறகு அதன் வளர்ச்சியைச் சதவீதத்திலிருந்து மாற்றி 64 எம்பி என்று நிலையாக வையுங்கள். 2016க்கு முந்தைய பதிப்புகளில் லாக் 10 சதவீதம், டேட்டா 1 எம்பி என்று இருக்கும். ஃபைல் பெரிதாகப் பெரிதாகச் சதவீத வளர்ச்சி வீங்கும். 1 எம்பி வளர்ச்சியோ ஓயாமல் துண்டு துண்டாக வளர்ந்து வேகத்தைக் கெடுக்கும்.

யாரும் கவனிக்காத குப்பை

டேபிள் பட்டியலில் அடுத்தடுத்த இடங்களைப் பாருங்கள். அனுப்பிய எஸ்எம்எஸ்களின் பட்டியல், யார் எப்போது லாகின் செய்தார்கள் என்ற பதிவு, லேப் மெஷின் அனுப்பிய கச்சாச் செய்திகள், 'பேஷன்ட் 2019 காப்பி' மாதிரியான பெயரில் யாரோ அவசரத்துக்கு எடுத்து மறந்துபோன நகல் டேபிள்கள். அந்த மழை நாளில் நான் காலி செய்தது பழைய எஸ்எம்எஸ் பட்டியலைத்தான். உள்ளே 400 எம்பி கிடைத்தது, வரிசை நகர ஆரம்பித்தது.

அழிக்கும்போது ஒரே மூச்சில் அழிக்காமல் 5,000 வரி, 5,000 வரியாக அழியுங்கள். மொத்தமாக அழித்தால் அந்த அழிப்பே லாக் ஃபைலை ஊத வைத்துவிடும். மருந்துச் சீட்டை யார் எப்போது திருத்தினார்கள் என்று காட்டும் தணிக்கைப் பதிவை மட்டும் தொடாதீர்கள். எஸ்எம்எஸ் பட்டியலோடு அதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

பழைய பேஷன்டுகளை அழிக்கலாமா?

அழிக்க வேண்டாம், ஒதுக்கி வையுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. பேஷன்டோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்யும் இடமென்றால், பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவுகள் 2 வருஷம். வழக்கு ஏதாவது இருந்தால் அது முடியும் வரை. இவை குறைந்தபட்சக் கணக்கு. மத்திய சுகாதார அமைச்சகம் 2016ல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளோ, ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய பதிவை அழிக்கக் கூடாது என்கின்றன. குழந்தைகள் விஷயத்தில் வழக்குப் போடும் காலக்கெடு அவர்கள் 18 வயதைத் தாண்டிய பிறகே ஓடத் தொடங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தனித்தனி வரம்பு என்று முன்னே சொன்னேனே, அது இங்கேதான் உதவும். அதே எக்ஸ்பிரஸில் 'பழையது' என்று இன்னொரு டேட்டாபேஸ் உருவாக்கினால் அதற்கும் தனியாக 10 ஜிபி கிடைக்கும். ஐந்து வருஷமாக வராதவர்களின் வருகைப் பதிவுகளை அங்கே நகர்த்தலாம். பெயர், வயது, ஒவ்வாமை, நீண்டகால நோய் ஆகியவை மட்டும் முதன்மை டேட்டாபேஸிலேயே இருக்கட்டும். ஏழு வருஷம் கழித்து திருப்பூரிலிருந்து ஊருக்கு வரும் ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது டாக்டர் முன்னால் தெரிய வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், படங்களை வெளியே எடுத்த பிறகு இந்த வேலைக்குப் பல கிளினிக்குகளில் அவசியமே வருவதில்லை. எழுத்து எவ்வளவு சிறியது என்றுதான் பார்த்தோமே.

ஷ்ரிங்க் செய்ய வேண்டுமா?

இணையத்தில் எங்கே கேட்டாலும் முதலில் சொல்லப்படும் மருந்து இது. டேட்டா ஃபைலைச் சுருக்கினால் உள்ளே இருக்கும் பக்கங்களைக் கடைசியிலிருந்து தூக்கி முன்னால் கிடக்கும் சந்துகளில் திணிக்கும். இண்டெக்ஸ் எல்லாம் கலைந்து போகும். பேஷன்ட் பெயரைத் தேடினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய இண்டெக்ஸை மறுபடி கட்டினால் ஃபைல் திரும்ப வளரும். பத்தாயத்தை ரம்பத்தால் அறுத்துச் சிறியதாக்கிவிட்டு, அடுத்த அறுப்புக்கு ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை சேர்க்கிற கதை.

படங்களை வெளியே எடுத்ததால் 10 ஜிபியில் 8 ஜிபி நிரந்தரமாகக் காலியாகிவிட்டது என்றால் மட்டும், ஒரே ஒரு தடவை செய்யலாம். அப்போதும் ஒட்டச் சுருக்காமல் 4 ஜிபியில் நிறுத்துங்கள். உடனே இண்டெக்ஸ் ரீபில்ட் செய்யுங்கள். 'ஆட்டோ ஷ்ரிங்க்' என்று ஒரு வசதி இருக்கும். அது 'ட்ரூ' என்று இருந்தால் 'ஃபால்ஸ்' ஆக்கிவிடுங்கள்.

ஆக்சஸ், மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு

ஆக்சஸில் 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' தான் மருந்து. எல்லோரும் வெளியேறிய பிறகு, நகல் எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை செய்யுங்கள். அது புதிய பிரதி ஒன்றை உருவாக்கித்தான் பழையதை மாற்றும், அதனால் டிஸ்கில் இடம் வேண்டும். ஃபைல் 1.5 ஜிபியைத் தொட்டுவிட்டால் எஸ்க்யூஎல் சர்வருக்கு மாறும் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் ஐபிடேட்டா1 என்ற ஒரே ஃபைல் ஊதியிருந்தால், அதற்குள் இருப்பதை அழித்தாலும் அது சிறியதாகாது. எல்லாவற்றையும் டம்ப் (முழு நகல்) எடுத்து, புதிதாக நிறுவி, திரும்ப ஏற்றினால்தான் உண்டு. டேபிளுக்கு ஒரு ஃபைல் என்று பிரிந்திருந்தால் 'ஆப்டிமைஸ் டேபிள்' போதும். 8.0 பதிப்பில், மாற்றங்களை எழுதி வைக்கும் பைனரி லாக் தானாகவே ஓடும், 30 நாள் வரை சேரும். ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் கிளினிக்கில் 7 நாள் போதுமானது.

பேக்கப்பே டிஸ்கை நிரப்பும்போது

தினமும் 8 ஜிபி பேக்கப், முப்பது நாளில் 240 ஜிபி. பழையதை யாரும் அழிப்பதில்லை. கடைசி 7 நாள், அதற்கு முந்தைய 4 வாரத்துக்கு வாரம் ஒன்று, 12 மாதத்துக்கு மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். செவன் ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டுச் சுருக்கினால் இடமும் மிச்சம், டிஸ்க் தொலைந்தாலும் பேஷன்ட் விவரம் வெளியே போகாது.

எக்ஸ்பிரஸில் தானாக வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. பல இடங்களில் அதை நள்ளிரவு 2 மணிக்கு வைத்திருப்பார்கள். ஆனால் இரவு ஒன்பதரைக்கு கிளினிக்கைப் பூட்டும்போதே கம்பவுண்டர் மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார். மாதக்கணக்கில் பேக்கப்பே ஓடியிருக்காது. காலை பார்த்து முடித்து மாலைக்குத் திறப்பதற்குள் மதியம் இரண்டரைக்கு வையுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும், தொந்தரவு செய்ய ஆள் இருக்காது.

வெளி டிஸ்க் இரண்டு வாங்கி வாரம் மாற்றி மாற்றி ஒன்றை வீட்டில் வைக்கலாம். ஆனால் கிளினிக்கும் வீடும் ஒரே தெருவில் இருந்தால் நம் ஊருக்கு அது போதாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் பல நாள் கரண்ட் இல்லை. கிளினிக்கும் வீடும் சேர்ந்தே நனைந்தன. மாதப் பிரதி ஒன்று டெல்டாவுக்கு வெளியே, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டிலோ, பூட்டிய கிளவுட் சேமிப்பிலோ இருக்கட்டும். சர்வர் பெட்டியைத் தரையில் வைத்திருந்தால் புரட்டாசிக்கு முன் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிடுங்கள்.

மாதம் ஒரு வரி

ஒன்றாம் தேதி 'டிஸ்க் யூசேஜ்' அறிக்கையைத் திறந்து நான்கு எண்களை எழுதுங்கள்: டேட்டா ஃபைல், அதில் நிரம்பியது, லாக் ஃபைல், படங்கள் ஃபோல்டர். டோக்கன் நோட்டின் பின்பக்கமே போதும். மாதத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால், மிச்சத்தை அதால் வகுத்து எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடலாம். திடீரென்று ஒரு மாதம் மட்டும் குதித்தால் யாரோ சிடி ஸ்கேனை உள்ளே ஏற்றியிருக்கிறார்கள் அல்லது ஸ்கேனர் அமைப்பு மாறிவிட்டது என்று அர்த்தம். நிரம்பியது 8 ஜிபியைத் தொட்டால் மென்பொருள்காரரிடம் 2025 பதிப்பில் தம் மென்பொருள் ஓடுமா என்று கேளுங்கள். சோதித்துப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கும் அவகாசம் வேண்டும்.

அந்தக் கிளினிக்கில் இப்போது இந்த நோட்டை எழுதுவது அன்று போன் செய்த அதே பெண்தான். போன மாதம் நிரம்பியது 1.3 ஜிபி என்று எழுதியிருந்தது. படங்கள் ஃபோல்டர் 14 ஜிபி. பக்கத்தில் சின்னதாக, 'ஸ்கேனர் கலர்ல இருந்துச்சு, மாத்திட்டேன்' என்றும் ஒரு குறிப்பு.